ஒரே பெயரில் பொது எழுத்து எது?

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவ் என்னும் இடப்பெயரைத் தமிழில் எழுதப் புகுவார்க்கு வழிகள் பல. மலாய் ஒலியைக் கேட்டு எழுதுவார் 'தெப்ராவ்' என்பர். உரோமன் எழுத்தைப் பார்த்து எழுதுவார் 'டெப்ராவ்' எனல் கூடும். வகரமெய் நான்கு சொற்களுக்கே ஈறாகும் என்ற தொல்காப்பியர் விதியை நினைவிற் கொண்டவரோ உகரம் கூட்டித் 'தெப்ராவு' என முடிப்பர். மூன்றும் ஓர் ஊரே. கணினியில் ஏறிய பழைய நாளேடுகளில் தோட்டத்து மக்களின் வரலாற்றைத் தேடுவோர் ஒரு வடிவத்தையே தேடுவாராயின், ஏனைய வடிவங்களில் வந்த செய்திகளை இழப்பர். ஆகவே இவற்றுக்குப் பொதுவான கூறு எது எனக் காண்பது வெறும் விளையாட்டன்று.

பல சொற்களை ஒப்பிட்டு, அனைத்திலும் இடையறாது வரும் நீண்ட தொடரைக் கண்டு சொல்லும் நிரல்கள் கணினியுலகில் நெடுநாளாக உள்ளன. 1973-இல் பீட்டர் வைனர் வெளியிட்ட ஈற்றுத்தொடர் மரம் என்னும் அமைப்பு இவ்வேலையை மிக விரைவாக்கிற்று. விரைவில் குறை காண்பதற்கில்லை. நிரல் எதனை ஓர் எழுத்தாகக் கொள்கிறது என்பதிலேதான் குறை.

யூனிகோடு முறையில் 'தெ' என்பது தகரம், கொம்பு என இரு குறியெண்களாகப் பதிவாகிறது. 'வ்' என்பது வகரமும் புள்ளியும். குறியெண்களை மட்டும் ஒப்பிடும் நிரல், மேற்கண்ட மூன்று வடிவங்களுக்கும் பொதுவாக ஆறினைத் தரும்: கொம்பு, பகரம், புள்ளி, ரகரம், கால், வகரம். முதலில் நிற்கும் கொம்புக்கு உரிய மெய் இல்லை. இறுதியில் 'வ' நிற்கிறது. அம்மூன்று வடிவங்களுள் ஒன்றிலும் இல்லாத எழுத்து அது! இல்லாததைப் பொது எனக் காட்டும் முடிபைத் தமிழாசிரியர் எவரும் ஏற்கார்.

முழு எழுத்தையே அலகாகக் கொள்க என்பார் உளர். கொண்டால் எஞ்சுவது 'ப்ரா' என்னும் இரண்டெழுத்தே. பிழையில்லை, ஆயினும் தெ, டெ இரண்டிலும் எகரம் ஒலிப்பதும், வ், வு இரண்டிலும் வகரமெய் நிற்பதும் கணக்கில் வாரா. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து ஒப்பிட்டாலோ எ, ப், ர், ஆ, வ் என ஐந்தொலி பொதுவாய் அமையும். புணர்ச்சி படிக்கும் மாணவன் நாள்தோறும் செய்யும் பிரிப்பே இது. யாப்பிலக்கணத்தாரும், மெய் ஒன்றி உயிர் வேறுபடுவதை வருக்க எதுகை எனத் தனிப் பெயரிட்டு வைத்தனர். முழு எழுத்து ஒன்றுவதோடு அதனைக் குழப்பினாரல்லர்.

பகரமெய் தன்னொடு மட்டுமே மயங்கும் என்னும் விதியைப் போற்றி ஒருவர் 'தெபுராவ்' என எழுதினால் என் செய்வது? இடையிற் புகுந்த உகரம் தொடரை அறுக்க, பொதுமை ர், ஆ, வ் என மூன்றொலியாய்ச் சுருங்கும். அம்மூன்றும் இராவணன் பெயரிலும் உண்டு! இலங்கை வேந்தனைத் தெப்ராவுக்கு உறவாக்கும் தேடலால் யாருக்குப் பயன்? ஈண்டு வேண்டுவது, இடைவிட்டு வரினும் வரிசை பிறழாத பொதுமையைத் தேடும் மற்றொரு முறையாகும். அதனை ஒரு சொல்லின் எல்லைக்குள் நிறுத்திப் பயன்படுத்தினால் ஐந்தொலியும் மீளும், இராவணன் விலகுவான்.

ஏட்டுச்சுவடிகளுக்கும் இம்முறை ஓரளவு உதவும். புள்ளியிடாத ஏட்டில் இப்பெயர் 'தெபராவ' என்றே அமையும். அங்கும் அவ்வைந்தும் அதே வரிசையில் உள்ளன. ஆனால் பொதுமை கண்ட அளவில் பாடம் துணிதல் ஆகாது. ஒரு பிழையேட்டைப் பார்த்து எழுதிய இரண்டு ஏடுகள் அப்பிழையிலும் ஒன்றுபடும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர்க்கு ஏடுகளோடு நச்சினார்க்கினியர் உரையும் துணை நின்றது. நிரலுக்கு அத்தகைய துணை இல்லை. எந்தெந்த வடிவங்கள் ஓர் ஊரைக் குறிப்பன என்பதை முதலில் அதற்குச் சொல்லியாக வேண்டும். ஜொகூர்த் தோட்டப் பெயர்களுக்கு அப்படியொரு பட்டியலை அவ்வட்டாரத் தமிழாசிரியர்களே திரட்டித் தரல் இயலும்.