ஸ்பானர் எதுவரை?

பொன்மலை ரயில்வே பணிமனையும் திருவெறும்பூர் பெல் ஆலையும் உள்ள ஊர் திருச்சி. தெருவுக்கு ஒருவராவது ஸ்பானர் பிடித்தவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் பழைய பைக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து யாரும் வியப்பதில்லை.

வண்டியை வீட்டிலேயே சரிசெய்தால் காசு மிச்சம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தெருமுனை மெக்கானிக்கின் கூலி ஒன்றும் பெரிதில்லை. ரிங் ஸ்பானர் செட், டார்க் ரெஞ்ச் என்று வாங்க ஆரம்பித்தால் அந்தக் கூலியைப் பல வருஷம் கொடுத்திருக்கலாம். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமே 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். பழைய வண்டி சிக்கனத்துக்கு ஏற்ற வண்டி அல்ல.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 97.2 சிசி என்ஜின், ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில், காகித ஃபில்டர் கிடையாது. என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் அந்த ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. என்ஜினின் ஆயுளே ஆயிலை வேளைக்கு மாற்றுவதில்தான் இருக்கிறது. அதைத் தன் கையால் மாற்றுகிறவருக்கு, மாற்றினார்களா என்ற சந்தேகமே வராது. வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னினாலும் அவர் கண்ணில் முதலில் படும். ஆனால் மலிவு என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டிரெயின் போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். அப்புறம் மெக்கானிக்கிடம் போவதற்குச் செலவும் அதிகம், வெட்கமும் அதிகம்.

1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ்100 காரர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, டூ-டி ஆயிலைக் கண்ணளவில் பெட்ரோலில் கலக்கிறார்கள். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி ஏறும்.

இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஓ-ரிங்குகளுக்கும் ஒத்துக்கொள்ளாது. மகன் வெளிநாட்டில் இருக்க, அவனுடைய பைக் மாதக்கணக்கில் நிற்கும் வீடுகள் இங்கே நிறைய. கார்புரேட்டரை வடித்து வைக்கவும் வெடித்த பெட்ரோல் குழாயை மாற்றவும் வீட்டுக்காரரே போதும்.

ஆனால் பிரேக்கில் கைவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, பிரேக் பிளேட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பியைப் பூட்ட மறந்துவிட்டால், பிரேக்கை மிதித்ததும் பிளேட்டும் சேர்ந்து சுழன்று சக்கரம் இறுகிவிடும். காவிரிப் பாலத்தில், பின்னால் பஸ் வரும்போது அது நடக்கலாம். ஹேண்டில்பார் திரும்பும் கோன் செட்டும் அப்படித்தான். பழகிய கை பக்கத்தில் இல்லாமல் இவற்றைத் தொடுவதைத் திறமை என்று சொல்ல மாட்டேன்.

வடித்த ஆயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல வீடுகளில் சாக்கடைக்குத்தான். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருப்பவர்கள் அதைப் பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.