பேய்நாயும் பண்ணைச் சொத்தும்

துப்பறியும் கதைகளா, பொழுது போக்கும் குப்பை என்று புறந்தள்ளும் புலவர்கள் உண்டு. தள்ளட்டும். ஆர்தர் கோனன் டாயில், விக்டோரியா அரசி மறைந்த 1901-ஆம் ஆண்டிலே ஸ்ட்ராண்ட் ஏட்டில் தொடங்கிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையை நாம் தள்ளுவதற்கில்லை. அரசியின் ஆட்சிக் காலத்திலேயே நிகழ்வதாக அமைந்த அக்கதையில், இரு வேறு இடங்கள் எதிரெதிரே நின்று வாதாடக் காண்கிறோம்.

ஒருபுறம் இலண்டன், பேக்கர் தெரு. புகையிலைப் புகை மண்டிய அறை, விரித்த நிலப்படம், விடாத வினா! மறுபுறம் டார்ட்மூர் மேட்டுவெளி. மூடுபனி, கால் வைத்தாரை விழுங்கும் புதைசேறு, பழங்கால மாந்தர் விட்டுச் சென்ற கற்குடில்கள்! 1742-ஆம் ஆண்டுச் சுவடியொன்றைப் படித்துக் காட்டி, பேய்நாய் ஒரு குடும்பத்தையே தொடர்கிறது என்கிறார் மார்ட்டிமர். யார் இவர்? பூசாரியா? அல்ல, மண்டையோடுகளை ஆராயும் மருத்துவர்! படிப்பு ஏறிய தலையிலும் பயம் குடியிருக்கும் போலும். கேட்டு முடித்த ஹோம்ஸ் கொட்டாவி விடுகிறார். நூறு மறுப்புரைகளுக்கு நிகரான கொட்டாவி அது!

எனினும், கொட்டாவி விட்டதோடு அவர் கடமை முடியவில்லை. இலண்டனில் இருப்பதாக வாட்சனையே நம்பவைத்துவிட்டு, அந்த மேட்டுவெளியிலேயே, ஒரு கற்குடிலில் தங்கி உளவறிகிறார். பகுத்தறிவு நகரத்து நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால் பனி விலகியிராது. துப்பாக்கி முழங்குகிறது, நாய் சாய்கிறது, அதன் வாயில் கனன்ற நெருப்போ, பாஸ்பரஸ் பூச்சு! பூசியவன், பூச்சி பிடித்துத் திரிந்த ஸ்டேபிள்டன். உண்மையிலே பாஸ்கர்வில் குடும்பத்து மறைமுக வாரிசு. பேயை ஏவிப் பண்ணையைப் பறிப்பதே திட்டம். பேய்க்கதையைக் கேட்கும்போதெல்லாம், ஆதாயம் யாருக்கு என்று கேட்கக் கற்றுத் தருகிறார் டாயில்.

இதே டாயில், 1890-இல் வெளிவந்த 'நால்வர் குறி'யில் நம்மை ஏமாற்றிவிடுகிறார். இலண்டன் புறநகரிலே புதுச்சேரியின் பெயர் தாங்கிய மாளிகை. அதற்குள் ஆக்ராவிலிருந்து வந்த செல்வம். அதைக் கூட்டாளிகளுக்குக் கொடாமல் சுருட்டியவர், அந்தமான் சிறையிலே காவற்பொறுப்பில் இருந்த ஆங்கில அதிகாரி ஷோல்ட்டோ! கொள்ளை ஆங்கிலேயருடையது, கோர உருவம் மட்டும் அந்தமான் தீவினனான டோங்காவுக்கு! அவனை மனிதனாகவே தீட்டவில்லை டாயில். கொலையிற் பங்குகொண்ட ஆங்கிலேயன் ஸ்மால், தன் வரலாற்றை விரிவாகச் சொல்ல ஓர் அதிகாரமே கிடைக்கிறது. டோங்காவுக்கோ, தன் கதையைச் சொல்ல ஒரு பக்கமும் இல்லை. குண்டடிபட்டுத் தேம்ஸ் ஆற்றில் வீழ்கிறான். 'ஆதாயம் யாருக்கு?' என்ற அந்த வினாவை, டாயில் இங்கே தம்மிடமே கேட்டிருக்க வேண்டும்.