நளன் கதையும் ஒரு விண்வெளி நாவலும்

நளன் கதை தமிழர்க்குப் புதிதன்று. மகாபாரத வனபர்வத்தில், சூதில் நாடிழந்து வருந்தும் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் ஆறுதலாகக் கூறிய கிளைக்கதை அது. புகழேந்தியார் அதனை நானூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்களில் பாடினார். அதிவீரராம பாண்டியர் நைடதமாக விரித்தார். எஸ். பி. திவ்யா என்னும் எழுத்தாளர் அதே கதையை ஆங்கிலத்தில் எதிர்கால விண்வெளிக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர் அவர், பொறியியல் கற்றவர். அவருடைய ‘மேரு’ 2023இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான ‘லோகா’ 2024இல் வந்தது.

‘மேரு’வின் உலகில், ஐந்து நூற்றாண்டுகளாக மனிதர்க்குப் பூமியே எல்லை. பேராசையால் அனைத்தையும் அழித்தவர்கள் என்னும் பழி அவ்வினத்தின்மேல் நிற்கிறது. மனித வழியில் மரபணு மாற்றத்தால் தோன்றிய ‘அலாய்’ என்னும் கலப்புயிர்களோ விண்மீன்களிடையே தடையின்றி உலவுகின்றன. அவர்களால் வளர்க்கப்பட்ட மனிதப் பெண் ஜெயந்தி. மேரு என்னும் புதிய கோளில் மனிதர் வாழக்கூடுமா என்று கண்டறியப் புறப்படுகிறாள். அவளை ஏற்றிச் செல்லும் வலவர் வாஹா, ஒரு கலப்புயிர். இருவரும் தோற்க வேண்டும் என்றே திட்டமிட்டு அனுப்பப்பட்டவர்கள். கலியின் வேலையை இங்கே சூழ்ச்சிக்காரர் செய்கின்றனர். ஜெயந்தி என்ற பெயரில் தமயந்தியின் ஓசை ஒலிக்கிறது. வாஹா என்ற பெயரோ, உருமாறிய நளன் அயோத்தியில் தேரோட்டியாக இருந்தபோது பூண்ட வாகுகன் என்னும் பெயரை நினைவூட்டுகிறது.

நோயுற்ற பெண்ணைத் தலைவியாக்கியதும், ஆண் பெண் என்னும் பாகுபாட்டில் அடங்காதவரைத் தலைவராக்கியதும் இக்காலப் போக்குக்காகப் பழங்கதையில் வலிந்து திணித்தவை என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் நளவெண்பாவின் சுயம்வர காண்டத்தை மறுபடி புரட்டிப் பார்ப்பது நலம். தேவர் நால்வர் நளன் உருவில் வந்தமர்கின்றனர். ஐவரில் நளன் யார் என்று தமயந்தி எவ்வாறு தெளிந்தாள்? அவன் கண் இமைத்தது. அடி நிலத்தில் தோய்ந்தது. அவன் அணிந்த மாலை வாடியது. குறையற்ற நால்வரை விடுத்துக் குறையுள்ள ஒருவனை, அக்குறைகளையே அடையாளமாகக் கொண்டு, அவள் தேர்ந்தாள். கதையின் உயிர்நிலை அது.

திவ்யா அவ்வுயிர்நிலையைச் சரியாகப் பற்றியிருக்கிறார். ஜெயந்திக்கு அரிவாளணுச் சோகை. குருதியின் செவ்வணுக்கள் உயிர்வளி குறைந்தவிடத்து அரிவாள்போல் வளைந்து நாளங்களை அடைக்கும் பரம்பரை நோய் அது. மேருவின் காற்றிலோ உயிர்வளி மிகுதி. பூமியில் நோயெனப்பட்ட உடல் அங்கே தகுதியுடைய உடலாகிறது. இமைக்கும் கண்ணுக்கும் வளையும் அணுவுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்போர், இதனைத் திணிப்பு என்னார்.

கலப்புயிர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பாலுணர்த்தாத தனிப் பெயர்ச்சொல்லை ஆசிரியர் ஆண்டிருக்கிறார். இதனைத் தமிழாக்க முற்படுவோர் என் செய்வர்? ‘அவர்’ என்னலாம், ஆனால் அது மரியாதைச் சொல். காதல் முதிருமிடத்தில் விலகி நிற்கும். ‘அது’ என்றால் கலப்புயிரை அஃறிணையில் தள்ளியதாகும். நாவலின் நோக்கமே கெடும். ஆணென்றும் பெண்ணென்றும் துணியப்படாதவரை எத்திணையில், எப்பாலீற்றால் சொல்வது என்னும் வினாவைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, அவரை உயர்திணையில் வைத்தார். இந்த வழக்கு தமிழுக்கு மிகப் பழையது. உரையாடலில் மட்டும் தமிழ் ஆங்கிலத்தைப்போலவே இயல்பாக நடக்கும்: ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் பால் இல்லை.

செபராங் பிறைத் தமிழர்க்கு இந்நாவலில் இன்னொரு செய்தியும் உண்டு. கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவான், 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தபின் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகிய இடமாயிற்று. 1910இல் ஒழிக்கப்படும்வரை நீடித்த ஒப்பந்தக் கூலி முறையில், தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். எல்லைக்குள் அடைக்கப்பட்ட இனம், தன் தகுதியைப் பிறர் வகுத்த சோதனையில் மெய்ப்பித்தால்தான் வெளியேறலாம் என்னும் நாவலின் நிபந்தனை, அவ்வரலாறு அறிந்தோர்க்கு வெறும் கற்பனையாகத் தோன்றாது. அயோத்தி மன்னன் மடைப்பள்ளியில் வேற்றுப் பெயரோடு உழைத்த நளனும் அவர்கட்கு அயலான் அல்லன்.

குறையும் சொல்லவேண்டும். நாவலில் விதிகளும் வழக்காடல்களும் மிகுதி. மாந்தர் தம் உள்ளத்தைத் தாமே விளக்கிவிடுகின்றனர். நள்ளிரவில் மனைவியைக் கானகத்தில் நீக்கிச் செல்லும் நளனின் மனத்தைப் புகழேந்தியார் விளக்க முற்படவில்லை. தயிர் கடைவோர் கைபோல் அது போவதும் மீள்வதுமாக இருந்தது என்று ஓர் உவமையோடு நிறுத்திக்கொண்டார். அச்சிக்கனம் ‘மேரு’வில் இல்லை. ‘லோகா’வில், ஜெயந்திக்கும் வாஹாவுக்கும் பிறந்த அட்சயா கலப்புயிர்க் கருவிகளின் துணையின்றித் தோழனொருவனோடு பூமியைச் சுற்றிவரப் புறப்படுகிறாள். நளன் மக்கள் பழங்கதையில் பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டபின் பெரிதும் பேசப்படாதவர்கள். அவ்விடத்தைத் திவ்யா தம் சொந்தக் கற்பனையால் நிரப்பியிருக்கிறார்.