கொம்பும் அரவும் தெரிந்த ஊரில்

மட்டக்களப்பில் பெனர் அடிக்கும் கடையொன்றில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "பொன்டைப் பெருசாக்குங்க, ஸ்பேஸ் கூடிப்போச்சு, போல்ட் பண்ணுங்க" என்று வேலை ஓடும். இந்தக் கடன்சொற்களை நான் பழிக்கமாட்டேன். மென்பொருளில் இருக்கும் சொல்லே வாயிலும் இருப்பதால் வேலை தங்காமல் நடக்கிறது. சிங்களத்தில் வடிவமைப்பவரோடும் பேச்சு முட்டுவதில்லை. 'எழுத்துரு' போல ஒன்றிரண்டு தமிழ்ச்சொற்கள் வேர்பிடித்தன. மற்றவை கடைவாசலை எட்டவில்லை.

ஆனால் இந்தக் கடன்சொற்கள் உரோம எழுத்தை அளந்து பிறந்தவை. அங்கே எழுத்திடைவெளியைக் கூட்டினால் சொல் விரியும், அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் தட்டிய 'கொக்கட்டிச்சோலை'யில் கூட்டிப் பாருங்கள்: கொம்பு ஒருபக்கம், ககரம் நடுவில், அரவு மறுபக்கம் என்று முதலெழுத்தே உடைந்துபோகும். பாமினிக்கு அவை மூன்று தனித்தனி உருக்கள். திருவிழாப் பெனரில் ஊரின் பெயர் இப்படிச் சிதறி நிற்பதைக் காண மனம் பொறுப்பதில்லை. வரியிடைவெளியிலும் இதே கதைதான். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் மேல்வரி 'ணு'வின் கால் கீழ்வரிப் புள்ளியில் முட்டுகிறது.

மும்மொழிப் பலகையில் இன்னொரு தொல்லை. 'மட்டக்களப்பு' என்பதில் 8 எழுத்து, 3 புள்ளி. சிங்களத்தில் இதே பெயர் 6 எழுத்தில் முடிந்துவிடும். இடம் போதாதபோது தமிழைப் பக்கவாட்டில் நெருக்குகிறார்கள். நிமிர்ந்த கோடுகள் மெலிகின்றன, கிடைக்கோடுகள் தடித்தபடியே நிற்கின்றன, வட்டப்புள்ளி முட்டை வடிவாகிறது.

காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தர் கல்லடியில்தான் துயில்கிறார். அவர் மண்ணில் இந்தக் கோளாறுகளைச் சொல்லப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கொம்பு, அரவு, விசிறி, புள்ளி, சுழி: முதலாம் வகுப்பில் ஆசிரியர் கைபிடித்து எழுதவைத்தபோதே எழுத்தின் உறுப்புகளுக்குப் பெயர் வந்துவிட்டது. வடிவமைப்புப் பாடத்துக்குள் அவற்றைக் கொண்டுவராததுதான் குறை. "அரவு பிரிஞ்சு நிக்குது, சேர்த்து விடுங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால், எதைத் திருத்துவது என்று கடைக்காரருக்கு உடனே விளங்கும். "ஸ்பேஸ் சரியில்லை" என்றால் எந்த ஸ்பேஸ்?

அளவுகளுக்கு மட்டும் இந்தப் பள்ளிச்சொற்கள் உதவா. ஓர் அங்குலத்துக்கு 72 என்று கணக்கிடும் போயின்ட்டைப் 'புள்ளி' என்று பெயர்த்தால், எழுத்தின் தலையிலுள்ள புள்ளியோடு குழம்பும். அங்கே கடன்சொல்லே இருக்கட்டும்.