இராயப்பர் என்கிற பேதுரு

வடசென்னைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோர் இராயபுரம் என்னும் பெயரை நாளொன்றுக்குப் பலமுறை சொல்கின்றனர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு புறப்பட்டது அவ்வூர் நிலையத்திலிருந்தே. எனினும் அப்பெயருக்குள் கலிலேயாவின் மீனவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அறிந்தோர் சிலரே. தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவுக்கு நெடுங்காலமாக வழங்கிய பெயர் இராயப்பர். சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாட்களில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து சரக்கையும் மக்களையும் ஏற்றியிறக்கிய படகுத் தொழிலாளர் அப்பெயரால் ஓர் ஆலயம் எழுப்பினர். ஊரும் அவர் பெயரையே கொண்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் பேதுரு என்கிறோம். இவ்வேறுபாட்டை ஒலிவேறுபாடு என்றே கருதிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு பெயரை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா என்னும் கேள்வியின் பின்னே, ஒரு மனிதனின் பெயரைக் கிறிஸ்தவப் பெயராக்குவது எது என்னும் பெரிய கேள்வி நிற்கிறது. நம் சபைகளில் ஞானஸ்நானத் தொட்டியருகே இக்கேள்விக்கு அவசரமான விடைகள் கொடுக்கப்பட்டு வருகின்றன. அவ்விடைகளைச் சற்றுச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, திருமறையே பெயர்களை மொழிபெயர்க்கத் தயங்கவில்லை. சீமோனுக்கு ஆண்டவர் இட்ட பெயர் கேபா. அது அரமேயச் சொல், பாறை என்று பொருள்படும். நான்காம் நற்செய்தியாளர் தம் கிரேக்க வாசகருக்காக அதைப் பெத்ரோஸ் என்று மொழிபெயர்த்துத் தருகிறார். கிரேக்கத்தில் பாறையைக் குறிக்கும் பெத்ரா பெண்பாற் சொல்லாதலால், ஓர் ஆண்மகனுக்குப் பொருந்தும்படி அதன் ஈறு திருந்திப் பெத்ரோஸ் ஆயிற்று. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் யோவான் முதல் அதிகாரத்தின் இவ்வசனத்தைப் படிப்பவர் என்ன காண்கிறார்? கேபா என்பதன் பொருள் பேதுரு என்று அங்கே விளக்கப்படுகிறது. தமிழறிந்தவருக்கு விளங்காத ஒரு சொல்லுக்கு, விளங்காத இன்னொரு சொல் பொருளாக நிற்கிறது. நற்செய்தியாளர் எதற்காக இடைநிறுத்தி விளக்கினாரோ அதுவே தவறிப்போயிற்று. மத்தேயு 16ஆம் அதிகாரத்திலும் அவ்வாறே: பேதுருவுக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பைப் போதகர் பிரசங்கத்தில் சொன்னாலன்றிச் சபையாருக்குத் தெரிய வழியில்லை.

அப்படியானால் கத்தோலிக்கரின் இராயப்பர் சிறந்த மொழிபெயர்ப்பா? அதுவும் இல்லை. இராயன் என்பது அரசனைக் குறிக்கும் சொல். பாறை அங்கும் இல்லை. திருத்தூதருள் அவர் வகித்த தலைமையை அப்பெயர் சொல்வதாகக் கொள்ளலாம். இது உரோமைச் சபையின் கோட்பாட்டுக்கு இசைந்த பெயர் என்று நம்மவர் குறைகூறக்கூடும். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் உடல் வருந்திப் படகு தள்ளிய மக்கள், தம்மைப்போல் படகில் உழைத்த ஒருவரை ‘இராயர்’ என்று அழைத்ததில் வேறொரு நியாயம் இருப்பதை மறுக்க இயலவில்லை. மற்ற இரு பெயர்கள் உண்மையான மொழிபெயர்ப்புகளே. பவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்பது பொருள், ஆகவே சின்னப்பர். யோகனான் என்னும் எபிரேயப் பெயர் கர்த்தர் அருள்கூர்ந்தார் என்று பொருள்படும்; ஆகவே அருளப்பர். சின்னப்பர் என்று கேட்கும் சிற்றூர்க் கிழவிக்கும், திருத்தூதர்களில் தம்மைக் கடையராக எண்ணிய அம்மனிதரின் தாழ்மை ஒரு சொல்லில் விளங்கிவிடுகிறது. பவுல் என்று கேட்கும் நமக்கு அது விளங்குவதில்லை.

இப்பெயர்கள் எல்லாவற்றின் ஈற்றிலும் நிற்கும் ‘அப்பர்’ என்னும் சொல்லையும் கவனிக்கவேண்டும். தமிழ்நிலத்தில் அது வெறும் மரியாதை விகுதி அன்று. இராயபுரத்திலிருந்து சில கல் வடக்கே திருவொற்றியூர் இருக்கிறது. அவ்வூர் இறைவனைப் பாடிய திருநாவுக்கரசரையும் சைவர் அப்பர் என்றே அழைப்பர். பெற்றோர் அவருக்கிட்ட பெயர் மருள்நீக்கியார். சமணத்தைத் தழுவியபோது தருமசேனர் ஆனார். சைவத்துக்குத் திரும்பியபின் நாவுக்கரசர் என்னும் பெயர் இறைவனால் தரப்பட்டதாகப் பெரிய புராணம் கூறும். அப்பர் என்பதோ வயதில் இளையவரான சம்பந்தர் அன்பினால் அழைத்த அழைப்பு. சமயம் மாறுகையில் பெயர் மாறுவது நம் மிஷனெரிமார் கொண்டுவந்த வழக்கம் என்று நினைப்பவர் இவ்வரலாற்றை நினைவில் கொள்வது நலம். நான்கு பெயர்களில் மக்கள் நாவில் நிலைத்தது அன்பினால் பிறந்த பெயரே.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் கூடி உழைத்ததன் கனி. கேபா என்பதற்கு அது பாறை என்றே பொருள் தந்தது. இது பெரிய முன்னேற்றம். அதே வேளையில் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் அதில் இடம்பெறவில்லை. பேதுரு, பவுல், யோவான் என்னும் நம் வடிவங்களே நின்றன. ஒற்றுமைக்காகக் கத்தோலிக்கச் சகோதரர் விட்டுக்கொடுத்தது சிறிதன்று. நாம் பெற்றுக்கொண்டோம், ஆனால் பதிலுக்கு எதைக் கற்றுக்கொண்டோம் என்று நம்மை நாமே கேட்டதாகத் தெரியவில்லை.

இனி ஞானஸ்நானத் தொட்டிக்கு வருவோம். கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஆண்பிள்ளைகளுக்கான வேதாகமப் பெயர்களையும் அவற்றின் பொருளையும் தொகுத்த சிறு நூல்கள் மலிவாய்க் கிடைக்கின்றன. இளம் பெற்றோர் அவற்றை ஆவலோடு வாங்குவதில் தவறில்லை. தவறு அந்நூல்களின் அடிப்படைக் கருத்தில் இருக்கிறது. வேதாகமத்தில் வரும் பெயர் தூய்மையானது, தமிழ்ப் பெயர் அஞ்ஞானத்தின் மிச்சம் என்னும் எண்ணம் அவற்றின் முகவுரைகளில் நிழலாடுகிறது. (எண்கணிதக்காரரிடம் கேட்டு ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டிக்கொள்ளும் வழக்கமும் இதே வீடுகளில் நுழைந்துவிட்டது. அது அஞ்ஞானமாகத் தோன்றாதது வியப்பே.)

இவ்வெண்ணத்துக்குத் திருமறையில் ஆதாரம் தேடினால் கிடைப்பது எதிர்ச்சான்றே. உரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுலடியார் வாழ்த்துச் சொல்லும் எர்மேயும் நேரேயும் கிரேக்கத் தேவர்களின் பெயரைத் தாங்கியவர்கள். எப்பாப்பிரோதீத்துவின் பெயரில் அப்ரோதீத்தே என்னும் தேவி இருக்கிறாள். அப்பொல்லோவின் பெயர் அப்பொல்லோன் தேவனையும், அரியோபாகு மன்றத்தின் தியொனீசியுவின் பெயர் மதுத் தேவனையும் சார்ந்தவை. இவர்களுள் ஒருவரையும் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு பவுல் பணித்ததாக எங்கும் காணோம். மூன்றாம் நூற்றாண்டில் விசுவாசிகள் தம் பிள்ளைகளுக்குப் பேதுரு, பவுல் என்று அன்பினால் பெயரிட்டு வந்ததை எழுதிவைத்தவர் அலெக்சாந்திரியாவின் ஆயர். அவர் பெயரே தியொனீசியு. அவருடைய ஆசான் ஓரிகனின் பெயருக்கு எகிப்தியத் தேவனாகிய ஓரசிடமிருந்து பிறந்தவன் என்பது பொருள். மோசேயின் பெயர்கூட எகிப்திய மொழியில் பிறந்தவன், மகன் என்னும் பொருளுடையது என்பது அறிஞர் பலரின் முடிபு. யாத்திராகமம் அதற்கு எபிரேயத்தில் புதுப்பொருள் தந்து தனதாக்கிக்கொள்கிறது.

இவற்றினும் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று நம் சபைகளிலேயே உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர் தம் மக்களுக்கு ஆபேத்நேகோ என்று பெயரிடுகின்றனர். தானியேலின் தோழனாகிய அசரியாவுக்குப் பாபிலோன் அரண்மனை சுமத்திய பெயர் அது. நேபோவின் அடிமை என்பது அதன் பொருள். நேபோ ஏசாயா 46ஆம் அதிகாரம் எள்ளி நகையாடும் விக்கிரகம். வேதாகமத்தில் அச்சேறியதால் நேபோவின் பெயர் தூயதாயிற்று. ஆறுமுகம் என்னும் பெயரோ தொட்டியருகே தடுத்து நிறுத்தப்படுகிறது.

ஆறுமுகம் என்று எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் போதகர் ஆரோனின் முந்தைய பெயர் அது. அக்காலத்தில் பெயர்மாற்றம் பழைய வாழ்வினின்று பிரிந்ததன் அடையாளம். அவ்வடையாளத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை நாம் எளிதாகப் பேசிவிடக்கூடாது. ஆனால் வேறு வழிகளும் அன்று தொட்டே இருந்தன. திருவிதாங்கூரின் நீலகண்டன் 1745இல் திருமுழுக்குப் பெற்றபோது லாசரு என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. லாசரு என்பது எலெயாசாரின் சுருக்கம், தேவன் துணைநின்றார் என்பது அதன் பொருள். இதனினும் செவ்விய மொழிபெயர்ப்பு அரிது. 1912இல் தோர்ணக்கல்லில் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயருக்கும் கர்த்தர் துணைநின்றார் என்பதே பொருள். மூன்று பெயர்கள், ஒரே அறிக்கை. அவற்றுள் தமிழன் கேட்டவுடன் புரிந்துகொள்வது தேவசகாயம் ஒன்றையே.

‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய கிருஷ்ணபிள்ளையின் பெயரையும் இங்கே கருதவேண்டும். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற அவருக்கு ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர்கள் சேர்க்கப்பட்டன. ஹென்றி என்றால் மனையை ஆள்பவன். ஆல்பிரெட் என்னும் பழைய ஆங்கிலப் பெயருக்குப் பொருள் எல்ஃப்களின் ஆலோசனை. எல்ஃப் என்பது செருமானிய இனத்தார் கிறிஸ்துவை அறியுமுன் நம்பிய ஒருவகைச் சிறுதெய்வம். கிருஷ்ணன் பெயரைத் தாங்கியவருக்குக் கிறிஸ்தவப் பெயர் என்று அளிக்கப்பட்டது செருமானியச் சிறுதெய்வத்தின் பெயரே! கவிஞர் அவ்விரண்டையும் எச். ஏ. என்னும் இரு தலைப்பெழுத்துகளில் அடக்கிவிட்டுக் கிருஷ்ணபிள்ளையாகவே வாழ்ந்தார். சபை அவரை அப்பெயராலேயே போற்றுகிறது. அவருடைய கிறிஸ்துபக்தியில் ஐயுற்றவர் ஒருவருமில்லை.

வடசென்னையின் சாலையில் நடந்தாலே இப்பாடத்தைக் கற்கலாம். இராயபுரத்தை அடுத்த தண்டையார்பேட்டையின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவராதலால் அக்கம்பக்கத்தார் தொண்டியார் என்றனர். அப்துல் காதிர் என்றால் வல்லமையுள்ளவனின் அடியான். எபிரேயத்தின் ஒபதியாவும் நம் இயேசுதாசனும் அதே வார்ப்பில் பிறந்த பெயர்கள். இன்னும் வடக்கே எண்ணூரில் ஒரு தந்தை தம் மகனுக்கிட்ட பெயர் தொழிற்சாலைக்கு ஆயிற்று: 1948இல் இரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் ஓர் ஆங்கிலேய நகரின் பெயரையும் ஏற்று அசோக் லேலண்ட் ஆயிற்று. துயரற்றவன் என்னும் பொருளுடைய அச்சொல்லைச் சுமந்த வண்டிகளை வார்த்தெடுத்த தொழிலாளர் குடும்பங்களில் லெனின்களும் ஸ்டாலின்களும் பிறந்தனர். பெயர் எங்கிருந்து வந்தது என்பதைவிட, யார் எந்த நம்பிக்கையோடு அழைத்தார்கள் என்பதே இங்கெல்லாம் மேலோங்கி நிற்கிறது.

இத்தனையும் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் வேறு. வடசென்னைச் சபைகளில் இரு பெயர்களோடு வாழும் ஆண்கள் பலர். பள்ளிச் சான்றிதழிலும் ஆலை வருகைப்பதிவிலும் ஒரு பெயர். சபைப் பதிவேட்டில் மற்றொன்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினரின் உரிமைகளை இந்துக்களுக்கென வரையறுத்தது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்னும் சேர்க்கப்படவில்லை. ஆகவே தலித் விசுவாசியின் பெயர் அவன் பிழைப்போடு பிணைக்கப்பட்டுவிட்டது. வெளியார் அவனை மறைந்து வாழ்பவன் என்கின்றனர். உள்ளே நாமோ, பழைய பெயரை விடாதவன் அரைமனத்தன் என்று பிரசங்கிக்கிறோம். சாதியால் இழிவுபடுத்தி அழைக்கப்பட்டதனால் பழைய பெயரை வெறுத்துப் புதுப்பெயரை விடுதலையாகப் பற்றிக்கொண்டோரும் உண்டு. அவர்களிடமிருந்து அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பெற்ற தாய் அழைத்த பெயரைக் கைவிடுமாறு ஒருவனைக் கட்டாயப்படுத்த, பாபிலோன் அரண்மனையின் முன்மாதிரியைத் தவிர நமக்கு எது முன்மாதிரி?

சீமோனுக்குப் புதுப்பெயர் இட்டவர் ஆண்டவர். ஆயினும் நற்செய்திகளில் அவரை அழைக்கும்போது ஆண்டவர் பெரும்பாலும் பழைய பெயரையே சொல்கிறார். கெத்செமனேயில் உறங்கியபோது சீமோன். புடைக்கப்படும் சோதனையைக்குறித்து எச்சரித்தபோது சீமோன். உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரையில், கரியடுப்பின் அருகே மூன்று முறை கேட்டபோதும் யோனாவின் மகன் சீமோனே. சவுல் என்கிற பவுல், மாற்கு என்கிற யோவான் என்று அப்போஸ்தலர் நடபடிகளும் இரு பெயர்களையும் ஒருங்கே வைத்து எழுதுகின்றன.

தமிழில் வழக்காவணங்களில் பயிலும் ‘என்கிற’ என்னும் அச்சொல்லை நம் பதிவேடுகளும் கூசாமல் எழுதலாம். திருமண ஓலை வாசிக்கையில் பெற்றோர் இட்ட பெயரையும் சேர்த்து வாசித்தால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உறவினர் யாருடைய ஓலை என்று அறிந்துகொள்வர். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கல் நாட்ட வரும் குடும்பத்தார் இரு பெயர்களையும் பொறிக்க விரும்பினால், ஆயர் அதற்கு இடமளிக்கவேண்டும்.