மேகம் போட்ட நாளில் பில்பாவோ

ஸ்பெயினின் பில்பாவோ நகரிலுள்ள குகன்ஹைம் அருங்காட்சியகத்தைச் சுள்ளென்ற வெயிலில் படம் எடுப்பது வீண் வேலை. வளைவுகளில் பாதி வெளிறிப்போகும், மீதி நிழலில் அமுங்கிவிடும். மேகம் மூடினால்தான் கட்டடம் உருவம் காட்டும். 1997இல் திறந்த இதற்கு, வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். முதலில் நினைத்த எவர்சில்வர், அந்த ஊரின் மங்கல் வெளிச்சத்தில் எடுபடாது என்பது அவர் கவலை. மழைநாளில் ஒரு டைட்டானியத் துண்டு பொன்னிறம் காட்டியதும் மனம் மாறினார்.

கிட்டே போய்ப் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தகடுகள். இழுத்துக் கட்டிய தட்டைப் பரப்பு அல்ல. மீன் செதில் வரிசையில் லேசாக உப்பியும் நெளிந்தும் இருக்கின்றன. வானமே ஒரு பெரிய விளக்காகும்போது ஒவ்வொரு தகடும் தனக்கென்று ஒரு சாம்பலை எடுத்துக்கொள்கிறது. நனைந்தால் தேன் நிறம் எட்டிப்பார்க்கும். டெலி லென்ஸ் இருந்தால் இங்கேயே அரை நாள் போய்விடும்.

கேமரா வெள்ளை வானத்தைக் கண்டால் படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை ஏற்றி, வானத்தை ஒரு கீற்றோடு நிறுத்துங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், அந்தப் பொன்சாயலைத் திருத்திவிடும்.

முழு உருவத்துக்கு நெர்வியோன் ஆற்றின் எதிர்க்கரை. வாசலில் நிற்கும், கலைஞர் ஜெஃப் கூன்ஸின் பூ நாய்க்குட்டிச் சிற்பம்? அதற்கு வெயில்தான் சரி.