படத்தில் இல்லாத கைகள்

பள்ளிக்கூடத்து உயிரியல் புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் பற்றி ஒரு பாடம் உண்டு. பல வாத்தியார்மார் அதை நடத்துவதில்லை. "வீட்ல படிச்சிக்கோங்க" என்று தள்ளிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தள்ளினார்கள். விருதுநகர்ப் பக்கம் ஒரு சேரியில் மாலைவகுப்பு எடுக்கிற நான் அதைத் தள்ளுவதில்லை. பாமாவின் 'சங்கதி'யை (1994) பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது.

வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா 'கருக்கு'வில் (1992) தன் கதையை எழுதினார். 'சங்கதி'யில் தன் தெருப் பொம்பளைகளின் கதையை எழுதினார். அது நாவலா, இல்லையா, கொச்சையா, வட்டார வழக்கா என்றே நம்மவர்கள் பேசினார்கள். அதற்குள் இருக்கிற உடம்பைப் பற்றிப் பேசியது கொஞ்சந்தான்.

பாடப்புத்தகப் படத்தைப் பாருங்கள். கருப்பை, கருக்குழாய், சூலகம். அந்தப் பொம்பளைக்குத் தலையில்லை, கையுமில்லை. கையில்லாதவள் என்ன கூலிக்குப் போகிறாள் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. சங்கதி அந்தக் கையைக் காட்டுகிறது. மைக்கண்ணியின் அம்மா பிள்ளை பெறுகிறபோதெல்லாம் அந்தச் சிறுமி தீப்பெட்டியாபீசுக்குப் போகிறாள். ஆத்தாளின் பேறுகாலச் செலவு மகள் கையில் ஏறுகிறது. கரு உண்டாக ஒரு விந்தணுவும் ஒரு அண்டமும் போதும் என்கிறது பாடம். பிறந்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற இன்னொரு பிள்ளை உழைக்கவேண்டியிருந்தது என்கிறது சங்கதி. சிவகாசித் தீப்பெட்டியாபீசுகளின் குழந்தை உழைப்பு பற்றி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வருசம் 1996.

சேரியில் பேறுகாலம் பார்த்த பாட்டியை மேல்சாதிக்காரர்கள் மட்டும் கூப்பிடவில்லை. பறச்சி கை தொடக்கூடாதாம். எந்தச் சாதிக்காரிக்கும் பனிக்குடம் ஒரே மாதிரிதான் உடையும். இதைச் சொல்வது உயிரியல். கூப்பிடாததைச் சொல்வது சங்கதி.

ஆனால் சங்கதியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் ஏமாந்துபோவோம். புல்லறுக்கப் போன இடத்தில் ஒருத்தி பிள்ளை பெற்று, கையிலிருந்த அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையும் புல்லுக்கட்டுமாக வீடு வருகிறாள். கருத்தரங்குகளில் இதை வீரம் என்று கைதட்டுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை. மண்பட்ட அரிவாளில் டெட்டனஸ் கிருமி இருக்கும். கொடிவழியே ஏறினால் சிசு விறைத்துச் சாகும். தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனசை ஒழித்துவிட்டோம் என்று இந்தியா அறிவிக்க 2015 ஆயிற்று. அவள் பிழைத்தாள், சந்தோசம். பேறுகாலத்தன்றும் புல்லறுக்க அனுப்பியது எது என்று கேட்காமல் வீரம் பேசுவது, பண்ணையாருக்குத்தான் சௌகரியம்.

ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்வது அப்பனிடமிருந்து வரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். 'பொட்டையாப் பெத்தவ' என்று ஏச்சு வாங்குவதோ ஆத்தா. ஆண் கருத்தடை ஆபரேசனுக்கு வயிற்றைத் திறக்கவேண்டாம், சின்ன வேலை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயது மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேசன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ரெண்டு வழியும் இருக்கிறது என்று பாடம் சொல்லும். யார் மேசையில் படுக்கிறார்கள், யார் மூணாம் வாரமே வேலைக்குத் திரும்புகிறார்கள் என்பதை நம் பொம்பளைகள் எழுதினால்தான் தெரியும்.

வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு அம்மா பட்டாசாபீசில் மருந்து செலுத்துகிறாள், இல்லையென்றால் வீட்டில் குழல் உருட்டுகிறாள். முழுகாமல் இருக்கும்போதும் அதே வேலைதான். அந்தப் பிள்ளைகளுக்குச் சூலகம் எங்கே இருக்கிறது என்றும் தெரியவேண்டும், அம்மாவுக்கு ஏன் ரத்தம் பத்தவில்லை என்றும் கேட்கத் தெரியவேண்டும். இதில் எதைப் பரீட்சைக்கு வராது என்று தள்ளுவது?